120 நாள் நட்பு... பிறகு ஏலம்! காட்டுக் குதிரைகளோடு ஒரு பருவம் வாழும் அமெரிக்கக் கைதிகள்

மைக்கில் ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார். வேலிக்கு வெளியே தொப்பி அணிந்த பண்ணைக்காரர்கள், கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள், சீருடையில் சில காவலர்கள். வேலிக்கு உள்ளே ஒரு பழுப்புக் குதிரை. அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். அவர் சொல்லாமலேயே குதிரை நிற்கிறது, திரும்புகிறது, பின்னால் நகர்கிறது. பார்ப்பவர்கள் கைதட்டுகிறார்கள்.

நான்கு மாதங்களுக்கு முன்பு அந்தக் குதிரையை எந்த மனிதனும் தொட்டதே இல்லை. அதன் மேல் உட்கார்ந்திருப்பவரோ தண்டனைக் காலத்தை அனுபவித்துக்கொண்டிருக்கும் ஒரு சிறைவாசி.

ஏலம் முடிந்ததும் அவர் இறங்குவார். கயிற்றைப் புதிய உரிமையாளரின் கையில் கொடுப்பார். குதிரை வண்டியில் ஏறி வெளியே போகும். அவர் உள்ளே போவார்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத் தலைநகர் கார்சன் சிட்டியில் உள்ள சிறைப் பண்ணை, 2000-ம் ஆண்டு முதல் பார்த்துவந்த காட்சி இது. பிரியத்தான் போகிறோம் என்று முதல் நாளே தெரிந்தும் ஒரு மனிதன் ஏன் ஒரு குதிரையோடு இத்தனை நெருங்க வேண்டும்? அந்த நெருக்கம் எப்படி உருவாகிறது?

காட்டுக் குதிரை சிறைக்கு வந்த கதை

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் திரியும் காட்டுக் குதிரைகளுக்கு ‘மஸ்டாங்’ என்று பெயர். உரிமையாளர் இல்லாமல் திரியும் கால்நடையைக் குறிக்கும் ஸ்பானிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. குதிரை இனம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். ஆனால், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே அது அழிந்துபோனது. பிறகு ஸ்பெயின்காரர்கள்தான் கப்பலில் ஏற்றி மீண்டும் கொண்டுவந்தார்கள். 1519-ல் மெக்சிகோவில் இறங்கிய ஹெர்னான் கோர்டெஸ் கொண்டுவந்தவை வெறும் 16 குதிரைகள். அப்படி அடுத்தடுத்து வந்த குதிரைகளில் தப்பியவையும் கைவிடப்பட்டவையும் பெருகி, புல்வெளிகளிலும் பாலைநிலத்திலும் மந்தை மந்தையாக வாழத் தொடங்கின.

20-ம் நூற்றாண்டில் அவற்றுக்குக் கெட்ட காலம் வந்தது. லாரிகளிலும் விமானங்களிலும் துரத்திப் பிடித்து, நாய்த் தீவனம் தயாரிக்க விற்றார்கள். 1950-ல் ஒருநாள், நெவாடாவின் ரீனோ நகருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண், தன் முன்னால் போன லாரியிலிருந்து ரத்தம் வடிவதைப் பார்த்தார். பின்தொடர்ந்து போனார். உள்ளே, காயப்பட்ட காட்டுக் குதிரைகள். சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர் அவர். அலுவலகத்தில் செயலாளர் வேலை. அரசியல் பின்புலம் எதுவும் இல்லை. ஆனால், அன்று தொடங்கிய போராட்டத்தை அவர் விடவில்லை. நாடு முழுக்கப் பள்ளிக் குழந்தைகள் அவருக்காக அரசுக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள். 1959-ல் மோட்டார் வாகனங்களில் துரத்திப் பிடிக்கத் தடை வந்தது. 1971-ல் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் பாதுகாக்கும் முழுச் சட்டமே வந்தது. ‘வைல்டு ஹார்ஸ் ஆனி’ என்று அமெரிக்கா அவரைக் கொண்டாடியது.

சட்டம் காப்பாற்றிய குதிரைகள் பெருகின. சாதகமான சூழலில் ஒரு மந்தை நான்கைந்து ஆண்டுகளில் இரண்டு மடங்காகிவிடும். அமெரிக்க நில மேலாண்மைப் பணியகத்தின் கணக்குப்படி, அதன் நிலங்கள் தாங்கக்கூடியது 25,000-ஐ ஒட்டிய குதிரைகள், கழுதைகளைத்தான். 2024-ல் அங்கே இருந்தவை 70,000-க்கும் அதிகம். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை வாழும் மாநிலம் நெவாடா. எனவே, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியைப் பிடித்துக் கொட்டில்களுக்கும் தனியார் மேய்ச்சல் நிலங்களுக்கும் அனுப்புகிறார்கள். அப்படிப் பராமரிக்கப்படுபவை மட்டுமே 60,000-ஐத் தாண்டும்.

இவற்றைப் பொதுமக்கள் தத்தெடுக்கலாம். பயிற்சி பெறாத குதிரைக்குக் கட்டணம் 125 டாலரிலிருந்து தொடங்குகிறது. ஆனால், மனிதனைக் கண்டாலே வேலியில் மோதும் குதிரையை வீட்டுக்குக் கூட்டிப்போக எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? பழக்கிய குதிரை என்றால் வாங்க ஆள் வரும். பழக்குவதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். நேரம் நிறைய இருக்கும் இடம் எது? சிறை!

1986-ல் கொலராடோ மாநிலத்தின் கேன்யன் சிட்டி சிறையில் இந்த யோசனை செயலுக்கு வந்தது. பிறகு வயோமிங், நெவாடா, கான்சஸ், அரிசோனா என்று பரவியது.

முதல் பாடம்: சும்மா நில்

இந்தப் பண்ணைகளுக்கு வரும் சிறைவாசிகளில் பலர் அதற்கு முன் குதிரையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். நன்னடத்தை உள்ளவர்களையும், குறைந்த பாதுகாப்பே தேவைப்படுபவர்களையும்தான் தேர்வு செய்கிறார்கள். அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவர் மேற்பார்வை செய்வார்.

எதிரே நிற்பது சுமார் 400 கிலோ எடையுள்ள பிராணி. கழுத்தின் இடப்பக்கம் வெள்ளை முடியில் சில கோணக் குறிகள் தெரியும. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பால் போட்ட அரசு முத்திரை அது. குதிரை பிறந்த ஆண்டும் பதிவு எண்ணும் அதில் அடங்கியிருக்கும். சிறையில் தனக்கு இருப்பதுபோலவே குதிரைக்கும் ஓர் எண் இருப்பதைச் சிறைவாசி கவனிக்காமல் இருக்க முடியாது.

வேலை விடியற்காலையில் தொடங்குகிறது. கார்சன் சிட்டி கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர், சுற்றிலும் சாம்பல் நிறப் புதர்கள் அடர்ந்த வறண்ட நிலம். குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீர் உறைந்துபோகும். குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ உலர்தீவனம் வேண்டும். அதில் முக்கியமானது அல்ஃபால்ஃபா. நம் ஊர் விவசாயிகள் ‘குதிரை மசால்’ என்று சொல்வது அதைத்தான். 20 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வைக்க வேண்டும். சாணம் அள்ள வேண்டும். மழை, பனி, பண்டிகை, உடம்புக்கு முடியவில்லை என்ற கணக்கெல்லாம் குதிரைக்குத் தெரியாது.

தீவனம் வைத்தபின் பயிற்சி. வட்ட வடிவில் வேலி போட்ட ஒரு சின்ன பட்டிக்குள் மனிதனும் குதிரையும் மட்டும். வட்டம் என்பதற்குக் காரணம் உண்டு. மூலை இருந்தால், பயந்த குதிரை அங்கே போய் ஒடுங்கிக்கொள்ளும், அல்லது அங்கிருந்து உதைக்கும்.

முதல் சில நாள்களில் அந்த மனிதன் செய்ய வேண்டியது ஏறக்குறைய எதுவுமே இல்லை. நேருக்கு நேர் முறைக்காமல், தோளைச் சற்றே திருப்பி, மூச்சை நிதானமாக விட்டு நிற்க வேண்டும். குதிரை சுற்றிச் சுற்றி ஓடும். ஓடட்டும். ஒரு கட்டத்தில் அதன் ஒரு காது மட்டும் அவர் பக்கம் திரும்பும். உடனே அவர் ஓரடி பின்வாங்க வேண்டும்.

முன்னால் போகத்தானே தோன்றும்? அங்குதான் விஷயமே இருக்கிறது.

கொம்பு இல்லாத பிராணியின் பயம்

‘குதிரையின் குணம் அறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. குதிரை பொல்லாதது, கொம்பும் இருந்தால் தாங்காது என்பது அதன் பொருள். ஆனால், குதிரையோடு வாழ்பவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். கொம்பு இல்லாததால்தான் அது இப்படி இருக்கிறது. புலி, ஓநாய் போன்றவற்றுக்கு இரையாகும் பிராணி அது. அதன் ஒரே ஆயுதம் ஓட்டம். உதைப்பதும் கடிப்பதும் ஓட வழியில்லாதபோதுதான்.

அதன் உடம்பே இதற்காக அமைந்தது. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், ஏறக்குறைய 350 டிகிரி வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதியும், வாலுக்கு நேர் பின்னால் ஒரு பகுதியும்தான் தெரியாது. அதனால்தான் பின்பக்கமாகப் போகக் கூடாது. எடுத்த எடுப்பில் நெற்றியைத் தட்டவும் கூடாது. சுற்றுலாத் தலங்களில் சவாரிக்காக நிற்கும் குதிரையிடம் குழந்தைகளை அழைத்துப் போகும்போது நாமும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே மெதுவாகப் போவதுதான் பாதுகாப்பு.

காதுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியே திரும்பும். எந்தக் காது எங்கே திரும்புகிறதோ, அங்கே அதன் கவனம் இருக்கிறது. குதிரையால் நின்றுகொண்டே தூங்க முடியும்; ஆனால், ஆழ்ந்து தூங்க அது படுத்தாக வேண்டும். ஆபத்து இல்லை என்று நம்பினால்தான் படுக்கும். ஒருநாள் காலையில் பட்டிக்கு வரும் சிறைவாசி, தன் குதிரை கால் நீட்டிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்தால், அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் வேறு கிடையாது.

மனித முகத்தையும் குதிரை படிக்கிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 28 குதிரைகளுக்குக் கோபமான முகம், சிரித்த முகம் ஆகியவற்றின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைப் பார்த்ததும் குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாக ஏறியது. ஆபத்தான விஷயங்களைப் பார்க்கும்போது செய்வதுபோல, இடது கண்ணால் அதைப் பார்த்தன. 2016-ல் வெளியான ஆய்வு இது. வெறும் படத்துக்கே இப்படி என்றால், பக்கத்தில் நிற்கும் மனிதனின் இறுகிய தாடையும் விறைத்த தோளும் அதற்கு எவ்வளவு சொல்லும்!

சிறையில் வாழ்பவருக்கு இது சாதாரண சவால் அல்ல. அங்கே பயத்தைக் காட்டினால் ஆபத்து. அன்பைக் காட்டினால் கேலி. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வதுதான் பிழைக்கும் வழி. பல ஆண்டுகள் பழகிய அந்தக் கல் முகம், இந்த வட்டப் பட்டிக்குள் செல்லாது.

கயிறு தளரும் அந்த நொடி

குதிரையை ‘உடைப்பது’ என்றுதான் அமெரிக்கப் பண்ணைகளில் பழைய காலத்தில் சொன்னார்கள். காலைக் கட்டி, சேணத்தைப் போட்டு, அது துள்ளித் துள்ளிக் களைத்து விழும்வரை மேலே உட்கார்ந்திருப்பார்கள். சில நாள்களில் குதிரை பணியும். ஆனால், அது நம்பிக்கையால் வந்த பணிவு அல்ல; வேறு வழியில்லை என்று வந்த பணிவு.

இதற்கு மாற்றாக, குதிரையின் மனப்போக்கோடு இணைந்து வேலை செய்யும் முறையை மேற்கு அமெரிக்காவில் பரப்பியவர்களில் முக்கியமானவர்கள் டாம் டோரன்ஸ், அவர் வழியில் வந்த ரே ஹன்ட். அவர்களிடம் கற்றவர் பக் பிரானமன். சிறு வயதில் தந்தையிடம் கடுமையாக அடிபட்டு, வேறொரு குடும்பத்தின் அரவணைப்பில் வளர்ந்தவர் பக். பயந்த உயிர் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் அல்ல. 1998-ல் வெளியான ‘தி ஹார்ஸ் விஸ்பரர்’ படத்துக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அவரைப் பற்றி 2011-ல் ‘பக்’ என்ற ஆவணப்படமும் வந்தது.

இது முழுக்கப் புதிய சிந்தனையும் அல்ல. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க எழுத்தாளர் ஜெனோபன், கோபத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்று தன் குதிரையேற்ற நூலில் எச்சரித்திருக்கிறார்.

இந்த முறையின் அடிப்படை எளிமையானது. தலைக்கயிற்றை லேசாக இழுக்கிறீர்கள். குதிரை எதிர்த்து நிற்கிறது. நீங்கள் இன்னும் பலமாக இழுப்பதில்லை, விடுவதும் இல்லை. அதே அளவில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். குதிரை உங்கள் பக்கம் தலையை ஓர் அங்குலம் சாய்க்கிறது. அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துகிறீர்கள். ‘ஓ, இதைத்தான் கேட்டாயா!’ என்று குதிரைக்குப் புரிந்துவிடுகிறது.

ஆகவே, குதிரைக்குப் பாடம் சொல்லித்தருவது இழுப்பது அல்ல, விடுவது. ஒரு நொடி தாமதமாக விட்டால் பாடம் குழம்பும். விடவே இல்லையென்றால் குதிரை மரத்துப்போகும் அல்லது வெறிக்கும். அது காதைத் திருப்பிய உடனே ஓரடி பின்வாங்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

முதல் தொடுகையிலிருந்து முதல் சவாரி வரை

எத்தனை நாளில் தொடலாம்? அதைக் குதிரைதான் முடிவு செய்யும். சில குதிரைகளுக்கு இரண்டு, மூன்று நாள், சிலவற்றுக்கு வாரக்கணக்கில். கை எட்டும் தூரத்துக்கு விடாத குதிரையை முதலில் நீண்ட மூங்கில் கழியால் மெல்ல வருடிப் பழக்குபவர்களும் உண்டு. கழி மெல்ல மெல்லக் குறுகி, ஒருநாள் கை அதன் மேல் படும்.

முதலில் தொட ஏற்ற இடம் பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேடு. மந்தையில் குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துவிடும் இடம் அது. அங்கே சொறிந்துவிட்டால் குதிரையின் இதயத்துடிப்பு குறைவதாக 1993-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. கீழுதடு தொங்கி, கண் பாதி மூடி, ஒரு பின்னங்கால் தளர்ந்து நிற்கும் குதிரையைப் பார்த்தால் ஆய்வே தேவையில்லை, நமக்கே தெரியும்.

அடுத்தது தலைக்கயிறு. பிறகு கூடவே நடப்பது. பிறகுதான் கடினமான கட்டம்: கால். குளம்பைச் சுத்தம் செய்யவும் லாடம் அடிக்கவும் குதிரை தன் காலைத் தூக்கித் தர வேண்டும. ஓட்டத்தையே நம்பி வாழும் பிராணி ஒரு காலை இன்னொருவர் கையில் கொடுப்பதென்றால், தன் ஒரே ஆயுதத்தைக் கொடுப்பது போல. அதனால்தான் பயிற்சியாளர்கள் இதைப் பெரிய மைல்கல்லாகப் பார்க்கிறார்கள்.

முதுகில் ஒரு துணி. அதன் பிறகு சேணம். வயிற்று வாரை ஒவ்வொரு துளையாக இறுக்குவது. இடப்பக்கம் பழகியதையெல்லாம் வலப்பக்கமும் தனியாகப் பழக்க வேண்டும். இடது கண்ணுக்குப் பழகிய பொருள்கூட வலது கண்ணில் படும்போது அதை மிரளவைக்கலாம். பிறகு அங்கவடியில் ஒரு காலை வைத்து, எடையைக் கொடுத்து, உடனே இறங்குவது. பல முறை இதையே செய்தபின், ஒருநாள் அந்த மனிதர் மறுகாலையும் அந்தப் பக்கம் போடுவார்.

விழாதவர்கள் இல்லை. விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டி, கோபத்தை விழுங்கி, மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். அன்று காலை சிறைக்குள் நடந்த சண்டையை மனதில் சுமந்துகொண்டு வந்தால், குதிரை கிட்டவே வராது. மற்றவர்களை மிரட்டிக் காரியம் சாதித்தவருக்கு, மிரட்டினால் காரியம் கெட்டுவிடும் என்று வாழ்க்கையில் முதன்முதலாகக் காட்டுவது ஒரு பிராணியாக இருக்கலாம்.

சுமார் நான்கு மாத முடிவில் குதிரை நடை, ஓட்டம், பாய்ச்சல் மூன்றையும் சவாரியோடு செய்யும். வண்டியில் ஏறும். படபடக்கும் தார்ப்பாயைப் பார்த்தும் நிற்கும். முத்திரை எண்ணோடு வந்த குதிரைக்கு இப்போது ஒரு பெயரும் இருக்கும்.

இந்தச் சிறைப் பண்ணைகளின் கதையை வைத்து 2019-ல் ‘தி மஸ்டாங்’ என்ற திரைப்படம் வந்தது. பிரெஞ்சு இயக்குநர் லோர் டி க்ளெர்மோன்-டொனேர் இயக்கிய அதில், கோபத்தை அடக்கத் தெரியாத சிறைவாசியாக மத்தியாஸ் ஷூனார்ட்ஸ் நடித்திருந்தார்.

எதிர்க் குரல்களும் உண்டு

இதை ஓர் இனிப்பான கதையாக மட்டும் பார்க்க முடியாது. குதிரைகள் தாமாகச் சிறைக்கு வரவில்லை. ஹெலிகாப்டரில் தாழப் பறந்து விரட்டித்தான் பெரும்பாலான மந்தைகளைப் பிடிக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் சில குதிரைகள் காயப்படுகின்றன, இறக்கவும் செய்கின்றன. பிடிபட்டபின் ஆண், பெண், குட்டி என்று குடும்பம் பிரிகிறது. விலங்கு நல ஆர்வலர்கள் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். பிடிப்பதைக் குறைத்து, கருத்தடை ஊசியை அதிகம் பயன்படுத்தலாமே என்பது அவர்கள் வாதம். மாடு மேய்க்கும் பண்ணைக்காரர்களோ, வறட்சி காலத்தில் இருக்கும் கொஞ்சம் புல்லையும் நீரையும் குதிரைகள் முடித்துவிடுகின்றன என்கிறார்கள்.

கொட்டில் வாழ்க்கைக்கும் ஆபத்து உண்டு. 2022-ல் கேன்யன் சிட்டி கொட்டிலில் பரவிய குதிரைக் காய்ச்சலில் 140-க்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. இந்த யோசனை முதலில் செயலுக்கு வந்த அதே ஊர்.

மனிதர்கள் பக்கமும் கேள்வி இருக்கிறது. சிறைவாசிகளின் கூலி வெளியில் இதே வேலைக்குக் கிடைப்பதைவிட மிகக் குறைவு. இந்தப் பயிற்சி பெற்றவர்கள் மறுபடி குற்றம் செய்வதில்லை என்று ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால், தேர்வாகிறவர்கள் ஏற்கெனவே நன்னடத்தை உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பெருமையை எடைபோட வேண்டும். சில நூறு குதிரைகளைப் பழக்கி விற்பதால், 60,000 குதிரைகளின் பிரச்னை தீர்ந்துவிடாது என்பதும் உண்மை.

ஆனால், வட்டப் பட்டிக்குள் நிற்கும் அந்த ஒரு குதிரைக்கு இந்த நான்கு மாதங்கள்தான் எல்லாம். வீடு கிடைப்பதா, ஆயுள் முழுக்கக் கொட்டிலில் கிடப்பதா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

கயிறு கைமாறிய பிறகு...

ஏல நாள். காலையிலிருந்தே தேய்த்துத் தேய்த்துக் குதிரையின் உடம்பைப் பளபளக்க வைத்திருப்பார் அதைப் பழக்கியவர். ஏலம் எடுப்பவர்களில் குடும்பங்கள் உண்டு, பண்ணைகள் உண்டு. அமெரிக்க எல்லைக் காவல் படையும் இப்படிப் பழகிய மஸ்டாங்குகளை எடுத்திருக்கிறது. கரடுமுரடான நிலத்தில் வளர்ந்த உறுதியான குளம்புகள் அதற்குத் தோதானவை. குதிரையை எடுப்பவருக்கு உடனே முழு உரிமை வந்துவிடாது. ஓராண்டு நன்றாக வைத்திருந்தால்தான் உரிமைப் பத்திரம்.

விலை முடிந்ததும் பழக்கியவரும் புதியவரும் வேலியோரம் சந்திக்கிறார்கள். எந்தக் காதைத் தொட்டால் பிடிக்காது, வாரை எவ்வளவு மெதுவாக இறுக்க வேண்டும், எங்கே சொறிந்தால் கண் சொருகும்... பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டில் அம்மா சொல்லி அனுப்புவதுபோல, நான்கு மாதங்களில் கற்றதையெல்லாம் நான்கு நிமிடங்களில் சொல்ல வேண்டும்.

பிறகு கயிறு கைமாறுகிறது. மறுநாள் அதே பட்டியில் யாரும் தொடாத இன்னொரு குதிரை நிற்கும். மறுபடி முதல் பாடம்: சும்மா நில்.

அப்படியானால் அந்த உறவு வீண்தானா? இதற்கும் ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. 2010-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், இளம் குதிரைகளில் சிலவற்றுக்கு ஒவ்வொரு முறையும் தின்பண்டம் பரிசளித்தும், மற்றவற்றுக்குப் பரிசு இல்லாமலும் பயிற்சி கொடுத்தார்கள். பரிசு பெற்ற குதிரைகள் பயிற்சி தந்தவரைத் தாமாகத் தேடி வந்தன. பல மாதங்கள் பிரிந்திருந்த பிறகும் அந்த நெருக்கம் மாறவில்லை. இன்னொரு விஷயமும் தெரிந்தது. முன்பின் தெரியாத மனிதர்களிடமும் அவை நட்போடு நெருங்கின.

அதாவது, ஒரு மனிதன் நல்லவிதமாக நடந்துகொண்டால், குதிரை அதை அவனோடு மட்டும் முடித்துக்கொள்வதில்லை. அடுத்து வரும் மனிதனுக்கும் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் எடுத்து வைக்கிறது.

எங்கோ ஒரு பண்ணை வீட்டில், ஒரு சிறுமி முதன்முறையாக அந்தப் பழுப்புக் குதிரையின் பிடரி ஓரம் கையை வைப்பாள். அது விலகாமல் நிற்கும். ஏன் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. முன்பொரு குளிர்காலத்தில், அதன் காது தன் பக்கம் திரும்பிய நொடியில் ஓரடி பின்வாங்கிய ஒருவரை அவள் பார்த்ததே இல்லை.